பெயர் உள்ள கற்களும் பெயர் இல்லாத கற்களும்: வாசகர் கேள்வி – பதில்

சாலை ஓரத்திலும் ஊர் எல்லையிலும் நிற்கும் பழைய கற்கள், தூண்கள், கல்வெட்டுப் பலகைகள் ஆகியவை பற்றி வாசகர்கள் அவ்வப்போது எழுதிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சுருக்கி ஒன்றாக்கியுள்ளோம்.

எங்கள் ஊர் ஏரிக்கரைப் பாதையில், கையில் வில்லும் குறுவாளும் ஏந்திய ஓர் ஆணின் உருவம் செதுக்கிய பலகைக் கல் ஒன்று உள்ளது. அதை 'வேடியப்பன்' என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைத்து வருகிறோம். அண்மையில் வந்த ஒருவர், "இது சாமி இல்லை, செத்துப்போன ஒருவனுக்கு வைத்த நடுகல்" என்று சொல்லிவிட்டுப் போனார். எது சரி? – செங்கம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

இரண்டுமே சரி. இறந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லையே தெய்வமாக வணங்குவது இடையில் நேர்ந்த குழப்பம் அன்று; தொடக்கம் முதலே அதுதான் வழக்கம். கல்லைத் தேர்ந்து காண்பது முதல், நீரில் இட்டுத் தூய்மை செய்து, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை உள்ள படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகவே கூறுகிறது. அகநானூற்றின் 67ஆம் பாடல், மறவர்களின் "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய" நடுகற்களைக் காட்டுகிறது. அதர் என்பது வழி. ஆகவே, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி பாதையோரத்தில் கல்லை நிறுத்தி, அதில் இறந்தவனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டும் பழக்கம் சங்க காலத்திலேயே வேரூன்றிவிட்டது. இது புலவரின் கற்பனையாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களுக்குத் தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை விடை தந்தது. அங்கு 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த கற்களுள் ஒன்றில், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கான கல் என்ற செய்தி தமிழ் பிராமி எழுத்தில் இருக்கிறது. அந்தக் கல்லின் வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல்.

உங்கள் செங்கம் பகுதிக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராகத் தேடி, இப்பகுதி நடுகற்களைப் படித்துத் தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்தைச் சேர்ந்த இக்கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் உள்ளன. அவற்றின் வாசகம் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செல்லும்: முதலில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது, அடுத்து அவனுக்குக் கீழ்ப் பகுதியை ஆண்ட தலைவன், பிறகு வீரன் யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்கப் போனான் அல்லது கவரப் போனான் என்ற விவரம், இறுதியில் "பட்டான் கல்". தொறு என்றால் மாட்டு மந்தை; பட்டான் என்றால் சண்டையில் இறந்தான். பெரிய கோயில் கல்வெட்டுகள் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளையும் நிலக் கொடைகளையும் பேசும்போது, ஒரு சிற்றூரின் மாட்டுக்காக உயிர்விட்ட எளிய மனிதனின் பெயரை ஆட்சியாண்டோடு பதிந்து வைத்திருப்பவை இந்தக் கற்களே.

அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எடுத்தனூர் என்ற ஊரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் சேவகன் கருந்தேவகத்தி என்பவன் எருமைப்புறத்தில் பட்டான் என்று அக்கல் சொல்கிறது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் அருகிலேயே தனி வாசகம் ஒன்று உண்டு. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பதே அது. தலைவன் விழுந்த பின்னும் இடத்தை விட்டு அகலாத நாய்க்கு உருவம் செதுக்கியதோடு நிறுத்தாமல், பெயரையும் செயலையும் எழுதி வைத்தார்கள். இந்தக் கோவிவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கேள்விக்கு விடை சொல்லும்போது அவன் தேவைப்படுவான்.

உங்கள் ஊர்க் கல்லைப் பார்க்கும்போது, வீரனின் உடலில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் கெண்டியோ சிமிழோ இருக்கிறதா, மாடுகள் செதுக்கப்பட்டுள்ளனவா, தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ எழுத்துச் சாயல் தெரிகிறதா என்று கவனியுங்கள். பொங்கலைத் தாராளமாகத் தொடருங்கள். வழிபாடு இருந்ததால்தான் அந்தக் கல் இன்றுவரை துணி அடித்துத் துவைக்கும் கல்லாக மாறாமல் தப்பியது. ஆனால் எனாமல் வண்ணம் பூசுவதும், சிமெண்டு வைத்து மேடை கட்டும்போது கல்லின் அடிப்பகுதியைப் புதைத்துவிடுவதும் வேண்டாம். எழுத்து அங்கேயே இருக்கக்கூடும்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு கல்லில் சில எழுத்துகளும், கீழே பெரிதும் சிறிதுமாகக் குழிகளும் இருப்பதைப் பார்த்தோம். பல்லாங்குழி போலத் தெரிந்தது. அது என்ன? – கிருஷ்ணகிரி வாசகி

அது தொலைவுக் கல். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல்லில், அதியமான் பெருவழியில் நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று எழுதியிருக்கிறது. காதம் என்பது பழைய தொலைவு அளவு; தாவளம் என்பது வணிகர் தங்கிச் செல்லும் சந்தையூர். எண் தமிழ் எண்ணுருவில் உள்ளது: இரண்டு, பத்து, ஒன்பது ஆகிய மூன்று குறிகள் அடுத்தடுத்து நின்று இருபத்தொன்பதைக் குறிக்கின்றன. அதற்குக் கீழே நீங்கள் பார்த்த குழிகளுள் பெரியவை இரண்டு, சிறியவை ஒன்பது. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரரும் பொதிமாட்டுக்காரரும் விரலால் தடவியே தொலைவைத் தெரிந்துகொள்ளும்படி அமைத்த ஏற்பாடு இது. நள்ளிரவில், வெளிச்சம் இல்லாமலும் இது பயன்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகள் பலவற்றுக்கு இந்த அக்கறை இல்லை என்பது என் கருத்து.

பெருவழிகளுக்குப் பெயர் சூட்டிக் கல்லில் வெட்டும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம், பாலக்காட்டுக் கணவாய்க்குச் செல்லும் பழைய தடத்தில், பாறை ஒன்றில் "இராசகேசரிப் பெருவழி" என்ற பெயரும், சோழனை வாழ்த்தும் வெண்பா ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. அதைத் தமிழ், வட்டெழுத்து ஆகிய இரண்டு எழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். கொங்கு நாட்டுக்கும் சேர நாட்டுக்கும் இடையே சென்ற வழியில் இரு தரப்பாரும் படிக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கிலோமீட்டர் கற்களின் தலைப்பகுதி சில இடங்களில் மஞ்சளாகவும் சில இடங்களில் பச்சையாகவும் இருப்பது ஏன்? – விருத்தாசலம் மாணவர் ஒருவர்

மஞ்சள் தேசிய நெடுஞ்சாலைக்கும் பச்சை மாநில நெடுஞ்சாலைக்கும் உரியவை. மாவட்டச் சாலைகளில் கறுப்போ நீலமோ இருக்கும். ஊரகச் சாலைத் திட்டத்தின் கற்களில் ஆரஞ்சு நிறத்தைக் காணலாம். மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வந்த பிறகுதான் இவை கிலோமீட்டர் கற்கள் ஆயின. அதற்கு முற்பட்ட ஆங்கிலேயர் கால மைல்கற்கள் சில, ஆங்கில எண்ணும் தமிழ் எண்ணும் சேர்ந்தவையாக, பழைய சாலைகளின் ஓரத்தில் பாதி புதைந்து நிற்கின்றன.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், இங்கிருந்து 277 பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கல் இருக்கிறது. அந்தப் பதினான்கு பேரின் பெயர்கள் எங்கே கிடைக்கும்? என் பாட்டனார் குடும்பத்தில் ஒருவர் மெசபடோமியா (இன்றைய ஈராக்) சென்று திரும்பவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். – வேலூர் வாசகர்

அந்தக் கல்லில் உள்ள வாசகம் வேலூருக்கென்றே எழுதியது அன்று. முதல் உலகப் போர் முடிந்த பின், படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் பதிப்பதற்காகப் பிரிட்டிஷ் இந்திய அரசு பயன்படுத்திய பொது வாசகம் அது. "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர்; இவர்களில் இத்தனை பேர் தம் உயிரைக் கொடுத்தனர்" என்ற அமைப்பில், எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வைத்த வாசகம். பஞ்சாபில் இத்தகைய கற்கள் மிகுதி. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் பள்ளிச் சுவரிலும் சாவடியிலும் பதிந்திருக்கின்றன. வேலூர் ஒரு கோட்டை நகரமாக இருந்தும், வாசகத்தில் அதைக் கிராமம் என்றே குறித்திருப்பதிலிருந்து அச்சு எவ்வளவு பொதுவானது என்பது விளங்கும்.

போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள், போர்வீரரும் தொழிலாளர் படையினரும் சேர்ந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இறந்தவர்கள் 74,000 பேருக்குக் குறையாதவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னை மாகாணத்தவர் பெரும்பாலும் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையிலும், கர்நாட்டிக் காலாட்படைப் பிரிவுகளிலும், பயனியர் படைகளிலும், சுமை தூக்கும் பிரிவுகளிலும் இருந்தார்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படைப் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிப் போரிட்டது. ஆகவே, உங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட மெசபடோமியாச் செய்தியை நம்பத் தயங்க வேண்டியதில்லை. பாலம் கட்டவும், பாதை போடவும், பதுங்குகுழி தோண்டவும் நம் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

பெயர்களைத் தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரோடு படைப்பிரிவும் தந்தை பெயரும் ஊரும் இருந்தால் அடையாளம் காண்பது எளிது. ஆங்கில எழுத்துக்கூட்டல் பல விதமாக இருக்கும் என்பதால், ஒரே பெயரைப் பல வடிவங்களில் தேடிப் பார்க்க வேண்டும். முனுசாமி என்ற பெயரை அந்தக் காலத்துப் படை எழுத்தர் எழுதியிருக்கக்கூடிய விதங்களை நீங்களே தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஆனால் கிடைக்காமலும் போகலாம். அதற்கு உங்கள் தேடலோ குடும்ப நினைவோ காரணமாக இராது. ஈராக்கில் பாஸ்ரா நகரத்துப் போர் நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் படிநிலை பாராமல் பொறிக்கப்பட்டன. இந்தியப் படையில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் எழுதப்பட்டு, மற்றவர்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களைச் சேர்ந்த குறைந்தது 45,000 பேர் இவ்வாறு சமமின்றி நினைவுகூரப்பட்டதையும், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரால் நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

இங்குதான் எடுத்தனூர் நாயை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டோரச் சிற்றூர், தன் எல்லையில் விழுந்த வீரனின் பெயரையும் அவனோடு நின்ற நாயின் பெயரையும் எழுதி வைத்தது. அச்சுக்கூடமும் ஆள்சேர்ப்புப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் கையில் வைத்திருந்த பேரரசு, வேலூரில் 14 என்று எழுதி முடித்துக்கொண்டது. பெயர்கள் தெரியாமல் விடுபடவில்லை. ஒவ்வொருவர் பெயரும் ஏதோ ஒரு பேரேட்டில் இருந்தது. கல்லில் எழுதும் அளவுக்கு அவை முக்கியம் என்று நினைக்கப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரைக் கண்டுபிடித்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.

சுமைதாங்கிக் கல் கருவுற்றிருந்தபோது இறந்த பெண்ணுக்காக வைப்பது என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊரில் உள்ள கல்லில் பெண் பெயரே இல்லை. – திருச்செந்தூர்ப் பக்கத்து வாசகி

உண்மை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதோ பேற்றின்போதோ ஒரு பெண் இறந்துவிட்டால், அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணத்தில், இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைப்பது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இருந்த வழக்கம். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்களுக்கு அதன் உயரமே பெரிய உதவி. தரையில் இறக்கிய மூட்டையை மீண்டும் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். தோள் உயரத்துக் கல்லில் தள்ளி வைத்தால் தனியாளாகவே திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். எல்லாச் சுமைதாங்கிகளும் இப்படி எழுந்தவை அல்ல. வெறும் தருமமாகவும், வேறு நேர்த்திக்கடனாகவும் வைத்தவை உண்டு.

எழுத்துள்ள சுமைதாங்கிகள் பலவற்றில், கிடைக்கல்லின் விளிம்பில் ஆண்டும் மாதமும் உபயம் செய்தவரின் பெயரும் இருக்கும். உபயதாரர் பெரும்பாலும் கணவனோ தந்தையோ ஆகையால், யாருக்காகக் கல் எழுந்ததோ அவளுடைய பெயர் கல்லில் ஏறாமல் போய்விட்டது. உங்கள் ஊரில் அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் இருந்தால், வயதான பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். வாய்வழியாக அந்தப் பெயர் இன்னும் தங்கியிருக்க வாய்ப்புண்டு. தங்கியிருந்தால் உடனே எழுதி வையுங்கள்.

தூத்துக்குடியில் ஆஷ் துரைக்கு மண்டபம், மணியாச்சியில் வாஞ்சியின் பெயரில் ரயில் நிலையம். கொன்றவருக்கும் கொல்லப்பட்டவருக்கும் ஒரே மாவட்டத்தில் நினைவுச் சின்னம் வைத்துக்கொள்வது முரண்பாடு இல்லையா? ஒன்றை எடுத்துவிட்டால் என்ன? – கோவில்பட்டி வாசகர்

முரண்பாடுதான், அதனால் எடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் செங்கோட்டை வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். தூத்துக்குடியில் தூண்கள் சூழ நிற்கும் மண்டபம் அன்றைய ஆட்சியின் அன்பர்கள் எழுப்பியது. ரயில் நிலையத்தின் பெயர் விடுதலைக்குப் பின் வந்த தலைமுறையின் நன்றி. இரண்டும் 1911ஐப் பற்றியவை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும், தன்னை எழுப்பிய காலத்தில் அதிகாரமும் பணமும் யார் கையில் இருந்தன என்பதையே முதலில் சொல்கிறது. மண்டபத்தை இடித்துவிட்டால், சுதேசிக் கப்பல் ஓடிய ஊரிலேயே அந்த ஆட்சியருக்கு மண்டபம் கட்டப் பணம் தந்தவர்கள் இருந்தார்கள் என்ற கசப்பான செய்தி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கயத்தாற்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று அங்கே புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையை ஊரறிய, சாலையறிய நிறைவேற்ற வேண்டும் என்பதே ஆங்கிலப் படைத் தலைவர் பானர்மேனின் நோக்கம். பாளையக்காரர்கள் அனைவரையும் வரவழைத்து அவர்கள் கண் முன்பாகவே அதைச் செய்தார். அந்த இடத்தில் சிலை எழுவதற்கு 1970 ஆக வேண்டியிருந்தது. அதையும் அரசு செய்யவில்லை; கட்டபொம்மனாகத் திரையில் நடித்த சிவாஜி கணேசன் தம் சொந்தச் செலவில் நிறுவினார். அரசின் மணிமண்டபம் வந்தது 2015இல். ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில், அந்தப் போர்களில் மாண்ட ஆங்கிலப் படையினருக்குக் கல்லறைகள் எப்போதோ எழும்பிவிட்டன. கல் எழும்ப எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதும் வரலாற்றில் ஒரு செய்தியே.

வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் எங்கே இருக்கிறது? – கும்பகோணம் வாசகி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலையில் அகஸ்தியம்பள்ளியில். இராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள், தஞ்சாவூர், உங்கள் கும்பகோணம் ஆகிய ஊர்கள் வழியாக நடந்து வந்து, ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பெடுத்தார்கள். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தமையால், வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஊரார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது இன்றும் அப்பகுதியில் சொல்லப்படுவது. அந்த மரங்களுக்குக் கல் ஏதும் கிடையாது. போனால் வைரப்பன் பெயரையும் விசாரியுங்கள். தாம் சவரம் செய்துகொண்டிருப்பது ஒரு போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, அதற்காகச் சிறை சென்ற முடிதிருத்தும் தொழிலாளி அவர். அவருக்கும் வேதாரண்யத்தில் நினைவுத் தூண் உண்டு.

எங்கள் ஊர்ச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தப் போகிறார்கள். ஓரத்தில் எழுத்துள்ள பழைய கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. முதலில் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோயில் வளாகத்தில் வைத்துவிடலாமா? – பல வாசகர்கள்

இந்தக் கேள்விதான் இம்முறை அதிகம் வந்தது. ஆகவே சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உடனே தூக்க வேண்டாம். கல்லில் உள்ள எழுத்து பாதிச் சான்று என்றால், அது நிற்கும் இடம் மீதிச் சான்று. எந்தப் பாதையின் எந்தப் பக்கம், எந்தத் திசையை நோக்கி, எந்த ஏரிக்கும் எந்த மேட்டுக்கும் இடையே நின்றது என்பது தெரியாமல் போனால், தொலைவுக் கல் எதிலிருந்து எதற்குத் தொலைவு சொல்கிறது என்பதும், நடுகல் எந்த எல்லைச் சண்டைக்கு உரியது என்பதும் புரியாமல் போய்விடும். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதிந்துகொண்டு, நான்கு புறமிருந்தும் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோலோ, அது இல்லாவிட்டால் ஒரு முழு செங்கல்லோ இருக்கட்டும். சுற்றுப்புறம் தெரியும்படி தள்ளி நின்று எடுத்த படம் ஒன்றும் வேண்டும். பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி, மைதா மாவு, விபூதி ஆகியவற்றைத் தேய்ப்பது நம் ஊர்களில் பரவிவிட்ட பழக்கம். தேய்க்கிறவர் கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றிய கீறல்தான் அதில் வெளுத்துத் தெரியும். அடுத்து வருகிறவருக்கும் அதே பிழைதான் கிடைக்கும். மாலையில் வெயில் சாயும்போது, அல்லது இருட்டிய பின் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் ஒன்றும் இல்லாதது போலிருந்த பரப்பில் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து வரிகள் எழுந்து வரும். அந்த நிலையில் எடுத்த ஒரு படம், கல்வெட்டு அறிந்தவருக்குப் பத்துப் பகல் படங்களைவிடப் பயன்படும். மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. கல்லை நீரால் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் படியவிட்டு, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளைப் புகுத்திய பிறகு, மை தோய்த்த பஞ்சுப் பொதியால் மேலே ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது. கருப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக நிற்கும்.

அடுத்து, எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், மாநிலத் தொல்லியல் துறை ஆகியோருக்குப் படங்களுடன் மனு அனுப்பி, நகலைச் சாலைப் பணியை மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்கும் கொடுங்கள். சட்டத்தின் துணை ஓரளவுக்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே முழுக் காவலாக நிற்கும். சாலையோரக் கற்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த சிற்பத்தையோ கல்வெட்டையோ உரிமம் இல்லாமல் விற்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. "நல்ல விலை தருகிறோம்" என்று யாராவது வந்தால், இதை அவரிடம் சொல்லலாம்.

மனு கொடுத்த பிறகும் இயந்திரம் வந்து நிற்கிறது, நாளைக் காலை பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்ற நிலை ஏற்பட்டால் என்ன செய்வது? அப்போது நகர்த்துவதுதான் சரி. உடைந்து சரளைக்கு அடியில் போவதைவிடப் பத்தடி தள்ளி நிற்பது மேல். ஊராட்சித் தலைவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் உடன் வைத்துக்கொண்டு, கயிறு கட்டி இழுக்காமல் பலகை மேல் உருட்டி, அதே சாலையின் அதே பக்கத்தில், முன்பு பார்த்த திசையையே பார்க்கும்படி நிறுத்துங்கள். எங்கிருந்து, எந்த நாளில், ஏன் நகர்த்தினோம் என்பதை ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கோயில் வளாகம் பாதுகாப்பானதுதான். ஆனால் அங்கே போன கல்லுக்கு அடுத்த குடமுழுக்கின்போது வண்ணம் பூசி, அதற்கடுத்த குடமுழுக்கில் தளத்துக்குப் பதித்துவிட்ட கதைகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

எங்கள் ஊர்ப் பழைய சத்திரத்துக்கு முன் இளைஞர்கள் சேர்ந்து ஒரு வரலாற்றுப் பலகை வைக்க விரும்புகிறோம். என்ன எழுதலாம்? – மன்னார்குடி வாசகர்

முதலில் என்ன எழுதக்கூடாது என்பது. "சுமார் ஆயிரம் ஆண்டுகள் பழைமையான" என்று தொடங்காதீர்கள். சத்திரத்தின் சுவரிலோ தூணிலோ கட்டிய ஆண்டு இருந்தால் அதை அப்படியே எடுத்து எழுதுங்கள். இல்லையென்றால் ஆண்டை விட்டுவிடுங்கள். சோழன் வந்தான், இராணி தங்கினாள் என்ற செய்திகளுக்குச் சான்று இருந்தாலொழிய இடம் தர வேண்டாம். மராட்டிய மன்னர்கள் காலத்தில் தஞ்சைப் பகுதியில் வழிப்போக்கருக்குச் சோறிட்ட சத்திரங்கள் பல இருந்தன; அவற்றின் கணக்குகள், மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில் எழுதிய ஆவணங்களில் கிடைக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் சத்திரத்தின் பெயர் அவற்றில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதினால், பத்து வரிக் கற்பனையைவிட இரண்டு வரிச் செய்தி கனமாக இருக்கும்.

கட்டுவித்தவர் பெயர் எப்படியும் வந்துவிடும். சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், கணக்கு எழுதியவர் ஆகியோரில் ஒருவர் பெயராவது ஆவணத்திலோ ஊர் நினைவிலோ கிடைத்தால், அதையும் அதே அளவு எழுத்தில் சேருங்கள். அடியில் செய்தியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும், பலகை வைத்த ஆண்டும் இருக்கட்டும். நன்கொடையாளர் பட்டியல் வேண்டுமென்றால் பின்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடம் நெடுஞ்சாலைத் துறையினுடையதா ஊராட்சியினுடையதா என்று பார்த்து அனுமதி வாங்கிய பிறகு குழி தோண்டுங்கள்.